மஞ்சள் மணல்

கீழ்மடுவில் பறவை இறங்கியிருக்கிறது, ஆயிரத்துக்குக் குறையாது என்று தையல்காரர் தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு ஓடினார். கையில் பாதி தைத்த கால்சட்டையோடு ஓடினார் என்று பிறகு சொல்லிச் சிரித்தார்கள். ஊர் முழுக்கக் கரையில் போய் நின்றது. மண்வெட்டும் கூட்டத்துக்குத் தலைவியான மேஸ்திரியக்காவும் போய் நின்றாள்.

நாரை, கொக்கு, நீர்க்காகம், பெயர் தெரியாத நீளமூக்கு ஒன்று. மடுவின் நடுவில் இருந்த தண்ணீரைச் சுற்றி, பேருந்தில் இடம் பிடிக்க நிற்பவர்கள் மாதிரி ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. கழுத்தை மடக்கி ஒரு குத்து, மீன். இன்னொரு குத்து, மீன். ஒரு குத்தும் வீணாகவில்லை. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. தண்ணீர் பரந்து கிடக்கும் மடுவில் ஒரு கொக்கு அரை நாள் கால் கடுக்க நின்றால்தான் நாலு மீன் தேறும். இங்கே மீன்களுக்கு ஓட இடமில்லை.

“என்னக்கா, அஞ்சு வருஷம் நாம பட்ட பாட்டுக்குப் பலன் வந்து இறங்கியிருக்கு. வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லக்கூடாதா?” என்றார் தையல்காரர். கழுத்தில் எப்போதும் தொங்கும் அளவுநாடா காற்றில் ஆடியது.

“தண்ணி எங்க தம்பி?”

“தண்ணியா? அதோ இருக்கே.”

“போன மாசம் நான் நிக்கிற கல்லு வரைக்கும் இருந்துச்சு.”

“வெயில் அடிக்குதுக்கா. வெயிலுக்கு வேற என்ன வேலை? நீங்க வேற, கல்யாண வீட்ல போய் ஒப்பாரி வைக்கிறீங்க.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் பல்லைக் காட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

அந்த ஊருக்கு இரண்டு மடு. மடு என்றதும் ஆழமான குளத்தை நினைத்துக்கொள்ளக் கூடாது. இடுப்பளவு தண்ணீரும் நாணலும் கோரையும் சேறுமாகப் பரந்து கிடக்கும் ஈர நிலம், அவ்வளவுதான். மேல்மடு ஊருக்கு மேற்கே, கொஞ்சம் மேட்டில். அதன் ஈரம்தான் ஊர்க் கிணறுகள் எல்லாவற்றுக்கும் ஊற்று. அது என்றைக்கும் வற்றியதில்லை. கீழ்மடு ஊருக்குக் கிழக்கே, பள்ளத்தில். இரண்டுக்கும் நடுவே ஒரு வாய்க்கால், வாய்க்காலின் தலையில் ஒரு பழைய மதகு.

கீழ்மடு இருபது வருஷமாக ஊரின் குப்பைக்குழியாக இருந்தது. செத்த நாயும் கிழிந்த பாயும் அங்கேதான் போகும். தையல்காரர்தான் வாரத்துக்கு ஒரு நாள் கடையைச் சாத்திவிட்டு, ஒற்றை ஆளாக இறங்கி ஆகாயத்தாமரையை இழுத்துப் போட ஆரம்பித்தார். முதல் வருஷம் பைத்தியம் என்றார்கள். இரண்டாம் வருஷம் பத்துப் பேர் கூட இறங்கினார்கள். மூன்றாம் வருஷம் மடு காப்புச் சங்கம் என்று பெயர் வைத்து அவரையே செயலாளர் ஆக்கினார்கள். அரசாங்கத்துக்கு நடையாய் நடந்து தூர் வாரும் வேலையை வாங்கி வந்ததும் அவர்தான். பொய் பேசத் தெரியாத மனிதர். ஒரு சட்டைக்கு மிச்சம் வந்த துணியைக்கூட மடித்துத் திருப்பிக் கொடுப்பார்.

வேலை வந்தபோது அதைப் பார்க்க வந்த அரசாங்க ஓவர்சியர், “மெஷினை இறக்கினா பத்து நாள். ஆளை வச்சு வெட்டினா மழைக்கு முன்னாடி முடியவே முடியாது” என்றார். “மெஷினை இறக்கினா மெஷின்காரன் வீட்ல அடுப்பு எரியும். எங்க வீட்ல?” என்று கேட்டவள் மேஸ்திரியக்கா. மழைக்கு முன் மார்பளவு ஆழம் வெட்டிக் காட்டுகிறேன், முடியாவிட்டால் மேல்மடுவுக்கு மெஷினையே கொண்டு வாருங்கள், நாங்கள் வாயைத் திறக்கமாட்டோம் என்று சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டாள். முப்பது பேர் அவள் பின்னால் மண்வெட்டியோடு இறங்கினார்கள். முடித்தும் காட்டினாள், நாலு நாள் மிச்சம் இருக்கும்போதே.

எப்படி முடித்தாள் என்பது அவளுக்கும் அந்த முப்பது பேருக்கும் மட்டும் தெரியும்.

*

வியாழக்கிழமை ஓவர்சியர் வந்தார். கூடவே பறவை எண்ணுகிறவர் ஒருவர், தொலைநோக்கியும் மெலிந்த கழுத்துமாக, அவரே ஒரு கொக்கு மாதிரி. சங்கத்தார் கரையில் பெஞ்சு போட்டு டீ கொடுத்தார்கள்.

“கையால முடியாதுன்னு நான்தாம்மா சொன்னேன். என் வாயை அடைச்சிட்டீங்க” என்றார் ஓவர்சியர். மனதாரத்தான் சொன்னார். “திங்கக்கிழமை மேல்மடு வேலையை ஆரம்பிச்சிடலாம். ஒன்பது மணிக்கு நான் வந்துடறேன். மதகைத் திறந்து மேல்மடுத் தண்ணி மொத்தத்தையும் இதுக்குள்ள விட்டுருவோம். அங்க காயும், நீங்க வெட்டுங்க. மழை வர்ற வரைக்கும் ஊருக்கு வேணுங்கிற தண்ணி இதுல பத்திரமா இருக்கும். அதுக்குத்தானே இவ்வளவு ஆழம் எடுத்திருக்கோம்.”

மேஸ்திரியக்கா டீயைப் பெஞ்சில் வைத்தாள்.

“சார், இது நாளைக்கு நாலு விரல் இறங்குது.”

“எது?”

“தண்ணி. ஒரு நாளைக்கு நாலு விரற்கடை. குச்சி நட்டுப் பார்த்தேன்.”

“வெயில் குடிக்குதும்மா. பரந்த தண்ணி பாருங்க, வெயில் நல்லாவே குடிக்கும். அதுக்கெல்லாம் கணக்கு இருக்கு.”

பறவைக்காரர் தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுத்தார். “இந்த நீளமூக்கு சாதாரணமா வத்துற தண்ணிக்குத்தான் வரும்” என்றார் தனக்குத் தானே சொல்லிக்கொள்வது மாதிரி. தையல்காரர் அவர் தட்டில் இன்னும் இரண்டு பிஸ்கட் வைத்தார். அவரும் மறுபடி தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு எண்ண ஆரம்பித்தார்.

வண்டி கிளம்பிய பிறகு அவள் வீட்டுக்குப் போகவில்லை. வேலைக் கொட்டகையிலிருந்து இரும்புச் சாந்துத் தொட்டியை எடுத்தாள். விளிம்பு நெளிந்த பழைய தொட்டி. அதை மடுவின் ஓரத்தில், கணுக்கால் தண்ணீரில் அமுக்கி வைத்து, கல் கொடுத்து ஆடாமல் நிறுத்தி, மடுத் தண்ணீரையே மொண்டு ஊற்றினாள். தொட்டியின் உள்பக்கம் தண்ணீர் நின்ற இடத்தில் ஆணியால் ஒரு கீறல். பக்கத்திலேயே ஒரு குச்சியை அடித்து அதிலும் ஒரு கீறல். பறவை குடித்துவிடாமல் தொட்டியின் மேல் கோழிக்கூட்டு வலையைப் போட்டுக் கட்டினாள்.

வெயில்தான் குடிக்கிறது என்றால் தொட்டியையும் அதே அளவு குடிக்க வேண்டும். இரண்டும் ஒரே வெயிலில்தானே கிடக்கின்றன.

*

அவள் புருஷன் கிணறு வெட்டுகிறவர். முப்பது வருஷம் வெட்டினார். ஒரு நாள் மேலே போன மண்கூடை கயிறு அறுந்து அவர் முதுகில் விழுந்தது. அதிலிருந்து வீட்டோடு இருக்கிறார். முதுகுதான் போயிற்று, வாய் போகவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவள் எழுந்தபோது அவர் கிணற்றடியில் வாளியை இறக்கி இறக்கி இழுத்துக்கொண்டிருந்தார்.

“குனியக்கூடாதுன்னு வைத்தியர் சொன்னாரா இல்லையா?” என்றாள்.

“குனியல. வாளி குனியுது. இங்க வா. கயித்தைப் பாரு.”

பார்த்தாள். வாளி தண்ணீரைத் தொட இறங்கிய கயிறு வழக்கத்தைவிட இரண்டு முழம் குறைவு.

“தண்ணி ஏறியிருக்கா?”

“இரண்டு முழம். மழை பெஞ்சுதா?”

“இல்ல.”

“பக்கத்து வீட்லயும் ஏறியிருக்காம். காலையில வந்து என் கையைப் புடிச்சுக் குலுக்கிட்டுப் போறான். எல்லாம் உன் பொண்டாட்டி வெட்டின மடுவோட மகிமைங்கறான்.” அவர் சிரிக்கவில்லை. வாளியிலிருந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டு, வாய்க்குள்ளேயே உருட்டித் துப்பினார். “சேத்து வாடை அடிக்குது. இது ஊத்துத் தண்ணி இல்ல. எங்கேயோ இருந்து கிளம்பி எங்கேயோ போற தண்ணி. போற வழியில நம்ம கிணத்தை எட்டிப் பார்த்துட்டுப் போகுது.”

அவள் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தாள்.

“கீழ்மடுல என்ன பண்ணுன நீ?” என்று கேட்டார் அவர். குரலை உயர்த்தவில்லை.

இத்தனை மாதம் வயிற்றுக்குள் வைத்திருந்ததை அவள் அப்போதுதான் வெளியே எடுத்தாள்.

மேலே கறுப்பு வண்டல், அதுவரை கஷ்டமில்லை. அதற்குக் கீழே நீலக்களி வந்தது. களி மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு, வீட்டோடு வந்த மாப்பிள்ளை மாதிரி, உதறினாலும் போகாது. ஒரு வெட்டு வெட்டி மூன்று தடவை காலால் வழித்துத் தள்ள வேண்டும். கொப்புளம் வராத கையே இல்லை. துணியைச் சுற்றிக்கொண்டு வெட்டினார்கள். கணக்குப்படி இன்னும் முழங்கால் ஆழம் பாக்கி. வானம் வேறு தெற்கே கறுத்துக்கொண்டு வந்தது. அப்போது நடுமடுவில் வெட்டிக்கொண்டிருந்த வெடி கூவினாள். வெடி என்பது அவளுக்குக் கூட்டத்தில் வைத்த பெயர், தொண்டை அப்படி. “அக்கா! ஓடி வா! மாவு!” என்றாள்.

போய்ப் பார்த்தால் களி தீர்ந்திருந்தது. கீழே மணல். சலித்து வைத்தது மாதிரி, மஞ்சளாக, காய்ந்த மணல். மண்வெட்டியை வைத்தால் கூடையில் தானே வந்து ஏறுகிறது. எல்லாரும் கூச்சல் போட்டுச் சிரித்தார்கள். ஒருத்தி மணலை அள்ளி அடுத்தவள் தலையில் போட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. மேஸ்திரியக்கா ஒரு கை அள்ளிப் பார்த்தாள். கிணற்றுக்காரன் பெண்டாட்டிக்கு அது என்னவென்று தெரியாமல் இல்லை. விரல் இடுக்கில் அது நிற்காமல் ஓடியது. தலையை நிமிர்த்தி, “சும்மா நிக்காதீங்க, வெட்டுங்க” என்றாள். பத்து நாளில் முடிந்தது.

புருஷன் கேட்டு முடித்தார். கயிற்றைச் சுருட்டி வாளிக்குள் போட்டார்.

“ஓவர்சியர் அளக்க வந்தப்போ?”

“முதல் மழை பெஞ்சு மேல சேறு படிஞ்சிருந்துச்சு. அவர் ஆழத்தைத்தான் பார்த்தாரு. அடியைப் பார்க்கல.”

“அந்தக் களிதான் மடுவுக்கு அடிச்சட்டி. சட்டியைச் சுரண்டிச் சுரண்டித் தேய்க்கறதா நெனச்சு ஓட்டையே போட்டுட்டீங்க.” வாளியை ஓரமாக நகர்த்தினார். “கீழ்மடு போச்சு. அது போகட்டும், முன்னாடியும் குப்பைதானே. ஆனா திங்கக்கிழமை மேல்மடுத் தண்ணியை அதுல விட்டீங்கன்னா, அதுவும் அதே வழியில போகும். அப்புறம் இந்தக் கிணத்துல நீ வாளி விட வேண்டியதில்ல. செருப்பைப் போட்டுக்கிட்டு இறங்கி நடந்துட்டு வரலாம்.”

“தெரியும்.”

“தெரிஞ்சு என்ன பண்ணப்போற?”

“தொட்டி வச்சிருக்கேன்” என்றாள். அவருக்கு அது விளங்கவில்லை. அவளும் விளக்கவில்லை.

*

சனிக்கிழமை மத்தியானம் கூட்டம் முழுவதும் வெடி வீட்டு முற்றத்தில் இருந்தது. திங்கட்கிழமை வேலைக்காக மண்வெட்டிகளுக்குப் புதுப்பிடி போட்டுக்கொண்டிருந்தார்கள். மரச் சுத்தியல்களான கொட்டாப்புளிகளின் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. மூன்று மாதமாக வேலை இல்லாமல் கிடந்த கைகள்; ஒவ்வொரு அடியும் ஆசையாக விழுந்தது. வெடி பிடியின் அடியைத் தரையில் குத்திக் குத்தி இறுக்கிக்கொண்டே, “இந்தத் தடவை என் மண்வெட்டியை எவளாவது மாத்தி எடுத்தீங்க, கையிருக்காது” என்று கத்திக்கொண்டிருந்தாள்.

மேஸ்திரியக்கா உட்காராமலே பேசினாள். தண்ணீர் இறங்குவதைச் சொன்னாள். மணலைச் சொன்னாள். கொட்டாப்புளிகள் ஒவ்வொன்றாக நின்றன.

“அதனால?” என்றாள் வெடி.

“மதகைத் திறக்கக்கூடாது. நாளைக்கு மத்தியானம் டெய்லர்கிட்ட சொல்லப்போறேன்.”

“என்னன்னு?”

“அடியை உடைச்சது நாமதான்னு.”

“நாம இல்ல. நீ. வெட்டுங்கன்னு சொன்ன வாய் யாரோடது?”

“என்னோடதுதான். அப்படியே சொல்றேன்.”

“சொல்லு, சொல்லு. அவரு உன் பேரை மட்டுமா எழுதுவாரு? கைவேலைக்காரங்க மடுவைக் கெடுத்துட்டாங்கன்னு எழுதுவாங்க. அடுத்த நாளே மெஷின் வரும். அப்புறம் காலத்துக்கும் நம்மள எவன் கூப்பிடுவான்?” வெடி எழுந்து நின்றாள். “அக்கா, உனக்கு உட்கார்ந்து திங்க ஒரு கிணத்துக்காரர் இருக்காரு.”

“அவரு திங்கறதே என் கையிலதான்டி.”

ஒருவரும் சிரிக்கவில்லை. மூலையில் இருந்த ஒரு வயதான ஆள் மட்டும், “தண்ணி அப்படியெல்லாம் போயிருமாம்மா? மண்ணுக்குள்ளதானே போகுது. நம்ம ஊரு மண்ணுதானே” என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். முப்பது பேரையும் பார்த்தாள். ஒவ்வொரு கையும் அவளுக்குத் தெரியும். எது இடக்கை, எதில் விரல் குறைவு, எது மழைக்காலத்தில் வீங்கும் என்று தெரியும். அந்தக் கைகள் எல்லாம் இப்போது பிடிகளை இறுகப் பற்றியிருந்தன.

“நாளைக்குச் சொல்றேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். அவள் தெருத் திரும்பும்வரை முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. திரும்பிய பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவது கேட்டது.

*

ஞாயிற்றுக்கிழமை தையல்கடை அரைக் கதவு சாத்தியிருந்தது. தையல்காரர் சங்கத்துக்கு ஒரு கொடி தைத்துக்கொண்டிருந்தார். நீலத் துணியில் ஒரு வெள்ளைக் கொக்கு. ஊசி கொக்கின் கழுத்தில் நின்றது.

“தம்பி, நாடாவை எடுத்துக்கிட்டு வா.”

“யாருக்கு அளவு?”

“மடுவுக்கு.”

ஏதோ விளையாட்டு என்றுதான் அவர் வந்தார். வழியெல்லாம் கொடியைப் பற்றியே பேசினார். கரையில் இறங்கியதும் அவள் தொட்டியைக் காட்டி, வலையை அவிழ்த்தாள். மூன்று நாள் முன்பு கணுக்கால் தண்ணீரில் நின்ற தொட்டி இப்போது வெடித்த சேற்றில், வெட்டவெளியில் நின்றது. தண்ணீர் பத்தடி உள்ளே போயிருந்தது. ஆனால் தொட்டிக்குள் தண்ணீர் அப்படியே பளபளத்துக்கொண்டிருந்தது.

“கீறலுக்கும் தண்ணிக்கும் நடுவுல எவ்வளவுன்னு பாரு.”

அவர் நாடாவை விட்டுப் பார்த்தார். “முக்கால் அங்குலம்.”

“அது வெயில் குடிச்சது. மூணு நாளைக்கு. இப்ப அந்தக் குச்சியைப் பாரு. முதல் நாள் கீறல் மேல இருக்கு. தண்ணி பின்னால போகப் போக நானும் குச்சியை நட்டுக்கிட்டே போயிருக்கேன். ஒண்ணொண்ணையும் அளந்து கூட்டு.”

மூன்று குச்சிகள். அவர் ஒவ்வொன்றிலும் நாடாவை வைத்தார். முதலில் நின்றுகொண்டு, பிறகு சேற்றில் மண்டியிட்டு. விலையுயர்ந்த துணியை வெட்டும் முன் அளக்கிற மாதிரி ஒன்றுக்கு மூன்று தடவை அளந்தார். உதடு அசைந்தது.

“ஒம்போது” என்றார்.

“மிச்சம் எட்டேகால் அங்குலத்தை யாரு குடிச்சது?”

அவர் நிமிர்ந்து பறவைகளைப் பார்த்தார். ஐந்து வருஷமாக அவர் ஆசைப்பட்ட பறவைகள். நடுவில் இருந்த தண்ணீர் இப்போது ஒரு வீட்டுக் கொல்லை அகலம்தான் இருக்கும். அதைச் சுற்றி அவை மூன்று வரிசையாக நின்றன.

“அடியில மணல் வந்துச்சு தம்பி. களியை உடைச்சுக்கிட்டு மணல்ல வெட்டினோம்.”

“எப்போ?”

“கடைசிப் பத்து நாள்.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா நிறுத்தியிருப்பே.”

“நிறுத்தியிருப்பேன்” என்றார் அவர்.

திட்டினால் நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அவர் நாடாவை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். கொஞ்ச நேரம் கழித்து, “சரி. நாளைக்கு மதகு திறக்க வேண்டாம். ஓவர்சியர்கிட்ட நான் பேசிக்கறேன். மேல்மடு தப்பிச்சுதுல்ல, அது போதும்” என்றார். எழுந்திருக்கக் கையை ஊன்றியவர் அப்படியே நின்றார்.

“அக்கா, நான் தப்பா அளந்துட்டேனா?”

“ஏன்?”

“இந்தக் கடைசிக் குச்சி. இப்பதான் தண்ணி இதைத் தொடாம ஒரு சாண் தள்ளி இருந்துச்சு.”

குச்சியின் கால் தண்ணீரில் இருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர், நுரையும் நாணல் சருகுமாக, சேற்றின் வெடிப்புகளில் நுழைந்து நுழைந்து அவர்கள் பக்கம் வந்தது. வானத்தில் ஒரு மேகம் இல்லை.

நடுமடுவில் பறவைகள் எல்லாம் ஒரே அடியாக எழும்பின. அத்தனை இறக்கையும் அடித்த சத்தத்தில் தையல்காரர் என்னவோ சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. வாய் மட்டும் தெரிந்தது. மதகு, என்றது.

*

வாய்க்கால் கரையோடு ஓடினார்கள். தையல்காரருக்கு ஒரு செருப்பு சேற்றோடு போயிற்று. வாய்க்கால் இரு கரையும் தொட்டு ஓடியது. இத்தனை தண்ணீரை அதில் அவள் பார்த்ததே இல்லை.

மதகின் மேல் வெடியும் மற்றவர்களும் நின்றார்கள். கையில் கடப்பாரைகள், இடுப்பு வரை நனைந்த உடுப்பு. யாரோ ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள்.

“வந்துட்டியாக்கா? சொல்லியாச்சா?” என்று வெடி மேலிருந்து கத்தினாள். “நாங்களும் திறந்தாச்சு. இனிமே மடு காயும். காஞ்ச மடுவை வெட்டாம என்ன பண்ணுவாரு உங்க ஓவர்சியர்? நாளைக்குக் காலையில நாங்க மண்வெட்டியோட நிப்போம். நீ வந்தா வா, வராட்டி போ.”

“மூடுங்க” என்றார் தையல்காரர். மூச்சு வாங்கியது. “மூடுங்கம்மா. ஒம்போது அங்குலம். மூணு நாள்ல ஒம்போது அங்குலம்.”

“என்ன சொல்றாரு இவரு?”

“மூடுடி!” என்றாள் மேஸ்திரியக்கா.

வெடி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு தையல்காரர் முகத்தைப் பார்த்தாள். அந்த மனிதர் இப்படி அழுது அதுவரை யாரும் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

“மூட முடியாதுக்கா” என்றாள் வெடி. அவள் குரல் முதல் தடவையாகச் சின்னதாக வந்தது. “திருகு துருப் பிடிச்சுக் கிடந்துச்சு. நாலு பேரு கடப்பாரை போட்டு நெம்பினோம். பலகை ரெண்டாப் பொளந்துருச்சு. ஒரு துண்டு வாய்க்கால்ல போயிடுச்சு. இன்னொண்ணு... அதுவும் போயிடுச்சு.”

மேஸ்திரியக்கா மதகின் விளிம்பில் படுத்துக் கீழே பார்த்தாள். பலகை இருந்த இடத்தில் ஒரு ஆள் அகலத்துக்கு வெறும் ஓட்டை. அதன் வழியே மேல்மடு போய்க்கொண்டிருந்தது. அவசரமில்லாமல், தடித்த பழுப்புக் கயிறாக முறுக்கிக்கொண்டு போனது.

“சாக்கு எத்தனை இருக்கு?”

“கொட்டகையில நாப்பது அம்பது இருக்கும்.”

“எல்லாத்தையும் கொண்டா. பாதிப் பேரு மண்ணை ரொப்பு. கதவு, கட்டில், எது கிடைச்சாலும் தூக்கிட்டு வாங்க. கேட்டுக்கிட்டு நிக்காதீங்க, போங்க.”

ஓடினார்கள். அவளிடம் கோபமாக இருக்கிறோம் என்பது ஒருவருக்கும் நினைவில்லை. முதல் சாக்கை ஓட்டையில் இறக்கினார்கள். தண்ணீர் அதைத் தலையணையைப் போல வாங்கி அந்தப் பக்கம் எறிந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. மூன்று சாக்கைச் சேர்த்துக் கட்டி இறக்கினார்கள். அது ஒரு மூச்சு நேரம் நின்றது. பிறகு அதுவும் போயிற்று. தையல்காரர் தன் கடைக் கதவைக் கழற்றித் தலையில் சுமந்து வந்தார். அதை ஓட்டையில் சாய்த்து, எட்டுப் பேர் தண்ணீருக்குள் இறங்கித் தோள் கொடுத்து நின்றார்கள். வெடி நடுவில் நின்றாள். கதவின் இரண்டு பக்கமும் தண்ணீர் பீறிட்டு அவள் முகத்தில் அடித்தது. ஆனாலும் ஓட்டம் கொஞ்சம் குறைந்தது. பாதியாகக் குறைந்தது என்று ஒருத்தி சொன்னாள். கால்வாசி என்றாள் இன்னொருத்தி.

“கதவு முனகுதுக்கா” என்றாள் வெடி. “ரொம்ப நேரம் தாங்காது.”

“நீ தாங்கு.”

வெயில் சாய்ந்தது. கிணற்றுக்காரர் தடியை ஊன்றி அங்குலம் அங்குலமாக நடந்து வந்து சேர்ந்தார். சாக்குக் குவியலின் பக்கத்தில் உட்கார்ந்து சாக்கின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டார், அவள் மண்ணை அள்ளிப் போடுவதற்காக. ஒன்று முடிந்தால் அடுத்ததை விரித்தார்.

பதினேழாவது சாக்கைக் கட்டும்போது அவள் ஒரு முறை தலையைத் தூக்கி மேல்மடுவைப் பார்த்தாள். நாணல்கள் வழக்கம்போல் அசைந்துகொண்டிருந்தன. ஆனால் என்னவோ மாறியிருந்தது. என்னவென்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இதுவரை அந்த ஊரில் யாரும் பார்த்திராத நாணலின் அடித்தண்டு, வெயிலே படாத வெளுப்போடு, கரை நெடுகிலும் ஒரு முழம் வெளியே நின்றது.

“அடுத்த சாக்கு” என்றாள்.